கேட்ட காது எந்தக் காது?

செத்தவனுக்கு இரண்டு கண்களும் இல்லை. குத்தூசியால் தோண்டியிருந்தார்கள். முதலில் வந்து பார்த்த போலீஸ்காரர்களில் இரண்டு பேர் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார்களாம். என் அண்ணிக்கோ அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்து நாள் கழித்து அந்தப் புத்தகக் கிடங்குக்குள் வந்தவர், தரையில் காய்ந்துகிடந்த கறையைத் தாண்டி, ரத்தத்தில் எழுதியிருந்த சுவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிஷமாக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கண்ணு வலிக்கப்போகுது. ஏற்கெனவே இந்த ரூம்ல ரெண்டு கண்ணு குறையுது," என்றேன்.

"வாயை மூடு தம்பி."

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. போலீஸ் ஆபீசில் பதினெட்டு வருஷம் ஃபைல் அடுக்கியவர். அங்கே நடக்கிற கூத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய இறங்கிவிட்டார். நான் பஸ் கண்டக்டர் வேலையைத் தொலைத்துவிட்டு அவரோடு ஒட்டிக்கொண்டவன். பழைய விசில் இன்னமும் என் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது, அதனால் எனக்குப் பெயரே விசில் என்றாகிவிட்டது. அண்ணன்? ரத்தம் என்று எழுதிக் காட்டினாலே மயங்கி விழுகிற ஜாதி. வீட்டில் சமையலைப் பார்த்துக்கொள்கிறான்.

"என்ன மேடம், சூனியக்காரி சுவத்துலருந்து இறங்கி வருவாளான்னு பாக்கறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு எங்கள் மேல் செம கடுப்பு. காரணம் இருக்கிறது. அவர் பிடித்து உள்ளே போட்டிருந்த ஆளை அன்று காலையில்தான் நாங்கள் வெளியே எடுத்திருந்தோம்.

'கருநாக்கி' என்று வாராவாரம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வருகிறது. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி மூன்று ஆண்கள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்துகிறார்கள். அவள் சாம்பலிலிருந்து எழுந்து வருகிறாள். கையில் ஒரு மாயப் புத்தகம். அதைத் திறந்தால் குற்றவாளியின் முகம் தானாக வந்து பக்கத்தில் நிற்கும். கருநாக்கி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அப்புறம் பிய்த்து எடுப்பாள். பூட்டிய கை எந்தக் கை என்று கேட்டு முதல் ஆளின் கையை வெட்டினாள். அந்த இதழ் கடைக்கு வந்த மறுநாள் அதை அச்சடித்த அச்சக முதலாளி அவருடைய பேப்பர் வெட்டும் மெஷினிலேயே கை துண்டாகிச் செத்துக் கிடந்தார். அடுத்த இதழில் கண். மறுநாள் புத்தகங்களை ஊரெங்கும் அனுப்பும் ஏஜென்ட், இதே கிடங்கில், இதே தரையில்.

இரண்டு பேருடைய முகமும் கதையில் வரும் முகங்கள்தான். அச்சு அசல். அப்படியானால் வரைந்தவன்தானே கொன்றிருக்க வேண்டும்? இன்ஸ்பெக்டர் ஓவியரைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனார். ஒரு மாதம் முன்கூட்டியே எல்லா இதழையும் வரைந்து கொடுத்துவிடுவேன் என்று ஓவியர் கதறியது எடுபடவில்லை. தூக்குக்கயிறு நிச்சயம் என்று ஊரே பேசியது. அப்போதுதான் ஓவியரின் மனைவி எங்களைத் தேடி வந்தார். "அவரை மட்டும் எப்படியாவது வெளிய கொண்டுவந்துடுங்க அக்கா. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டு விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அழுத முகம் எனக்கு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவிடவில்லை.

ஏஜென்ட் செத்த நேரத்தில் ஓவியர் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கிறார். டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பிவரும் வரை அண்ணி அவர் வீட்டு வாசலிலேயே கிடந்து, வந்தவரைக் கையோடு ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். ஒரு கடைவாய்ப்பல்லைக் கொடுத்துக் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார் ஓவியர். காலை பத்து மணிக்கு மனைவி வந்து, புருஷனின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்றேன். அண்ணிக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தச் சுவர்.

"தம்பி, அந்தப் புத்தகத்தை எடு. சுவத்துல இருக்கறதும் புத்தகத்துல இருக்கறதும் ஒண்ணான்னு பாரு."

பார்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். ஆனால் புத்தகத்தில் கருநாக்கி அந்தக் கேள்வியை மாயப் புத்தகத்தின் இரண்டு பக்கத்திலும் குறுக்கே நீளமாக, இரண்டே வரியில் எழுதியிருந்தாள். சுவரில் ரத்தத்தில் இருந்தது இப்படி:

சொல்லு!
எரியும்போது
நின்று பார்த்த கண்
எந்தக் கண்?
சொல்லு!

"அஞ்சு வரி அண்ணி. நடுவுல தொப்பை."

"இவ்வளவு பெரிய சுவரு. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் காலியா இருக்கு. மனுஷனைக் கொன்னுட்டு, எவன் எப்ப வருவானோன்னு பயந்துகிட்டு எழுதறவன் ஒரே நீட்டா எழுதிட்டு ஓடுவானா, இல்லை அளவு பார்த்து அடுக்குவானா?"

"கொலைகாரனுக்கு எழுத்து கோணலாப் போச்சு, அவ்வளவுதான் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோணலா? எந்த வரியும் ஒரு விரக்கடை கூடத் தப்பலையே சார்."

அண்ணி எழுந்தார். மூட்டைகளுக்கு எண் போட வைத்திருந்த சாக்கட்டி ஒன்றை எடுத்தார். சுவரருகே போய், அந்த எழுத்தைச் சுற்றி ஒரே இழுப்பில் ஒரு வளையம் போட்டார். கீழே சின்னதாக ஒரு வால் வைத்தார்.

எந்தப் பக்கமும் இடிக்காமல், எந்தப் பக்கமும் இடைவெளி கூடாமல், எழுத்து வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. சித்திரக்கதையில் ஆட்கள் பேசும்போது தலைக்கு மேல் வருமே பலூன், அதுதான் சுவரில் இருந்தது.

"இது வரையறவன் கை இல்லை. இதுக்குள்ள எழுதறவன் கை," என்றார் அண்ணி. "வண்டியை எடு."

என் ஸ்கூட்டர் உதைத்ததும் கிளம்புகிற வண்டி அல்ல. கெஞ்சியும் திட்டியும் அதைக் கிளப்பி, கருநாக்கி ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. கோந்து வாசனை. ஜன்னலோர மேஜையில் எழுத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஓவியர் கொடுக்கும் படங்களுக்கான பேச்சைத் தனிக்காகிதத்தில் எழுதி, வெட்டி, படத்தின் மேல் ஒட்டுவது அவர் வேலை.

நான் நேராக அவர் எதிரில் போய் நின்றேன். பிடித்துவிட்டோம் என்ற மிதப்பு எனக்கு.

"ஐயா, பலூனுக்குள்ள எப்படி எழுதறீங்க?" என்று அண்ணி பணிவாகக் கேட்டார்.

"எழுதிட்டுத்தாம்மா பலூனே போடறது. மேல் வரியும் கீழ் வரியும் சின்னதா இருக்கணும், நடு வரி பெருசா இருக்கணும். இல்லைன்னா ஓரம் இடிக்கும். கை பழகிடுச்சுன்னா அப்புறம் மாத்தவே முடியாதும்மா. வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் எழுதினாக்கூட முட்டை மாதிரிதான் வந்து நிக்கும்." சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தார்.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

என் மிதப்பு இறங்கிப்போனது. "என்ன பெரியவரே இது?"

"படியில வழுக்கி விழுந்துட்டேன். ரெண்டு மாசமாச்சு."

அண்ணி மேஜைமேல் இருந்த பக்கத்தைத் தொட்டார். நாளை கடைக்குப் போகிற இதழின் மூலப் படம் அது. "ரெண்டு மாசமா இந்தக் கையாலயா எழுதறீங்க?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, அந்த விலாசச் சீட்டைக் குடு."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே என் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டு எண் மேலே சின்னதாக. தெருப் பெயர் அதைவிட நீளமாக. அடையாளத்துக்குச் சொன்ன இடம் நடுவில் நல்ல நீளம். அப்புறம் பேட்டை, கடைசியில் மாடி என்று ஒரே சொல். நாலு நாளாக அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நான் ஊர் சுற்றியிருக்கிறேன்.

அண்ணி மேஜையிலிருந்த பென்சிலால் அதைச் சுற்றியும் ஒரு வளையம் போட்டார். பெரியவரின் கண் கலங்கியது.

"என் வேலை போயிடக்கூடாதுன்னுதாம்மா அந்தப் பொண்ணு எழுதிக் குடுக்குது. ஓவியர் வீட்டு அம்மா. முன்ன எங்கிட்டதான் எழுதப் பழகுச்சு. இந்தக் கை விழுந்ததும் தானா வந்து, 'நானே எழுதி ஒட்டித் தரேன், யாருக்கும் சொல்ல வேணாம்'னு சொல்லுச்சு. தங்கமான பொண்ணும்மா. அது ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காது."

"அண்ணி, அந்த அம்மாவா? புருஷனுக்காக நம்ம வீட்டு வாசல்ல அப்படி அழுதாங்களே!"

"அழுதா. ஆனா யாரு கொன்னாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாளா தம்பி? புருஷனை மாட்டிவிட்டவன் எவன்னு எந்தப் பொண்டாட்டியாவது கேக்காம இருப்பாளா? வெளிய கொண்டுவாங்க, வெளிய கொண்டுவாங்க. அதையேதான் சொல்லிட்டிருந்தா." அண்ணி பெரியவர் பக்கம் திரும்பினார். "முதல் இதழ்ல அவங்க எழுதின பக்கத்தைக் காட்டுங்க. குடிசையைப் பூட்டற பக்கம்."

பெரியவர் பழைய படக் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். பூட்டிய கதவு, உள்ளே நெருப்பு. கீழ்மூலையில் மூன்று ஆண்களில் ஒருவன் பேசுவதாக ஒரு பெரிய பலூன் ஒட்டியிருந்தது. நாலு வார்த்தைப் பேச்சுக்கு அவ்வளவு பெரிய பலூன் எதற்கு? அண்ணி நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தார். அடியில், வாசற்படியில், ஒற்றைச் செருப்பு வரைந்திருந்தது. அறுந்த வாரில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. கதவில் பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

பெரியவர் அதைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்துவிட்டார்.

"ஐயோ... அது அந்தச் சின்னப் பொண்ணோட செருப்பு. பதினோரு வருஷம் முன்னாடி அச்சகத்து ஸ்டாக் ரூம் எரிஞ்சு போச்சும்மா. பைண்டிங்ல வேலை பாத்த பொண்ணு ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. உள்தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கிடுச்சுன்னு எழுதி மூடிட்டாங்க. புதுச் செருப்பு வாங்க அக்காகிட்ட கேட்டிருக்கேன்னு ஊக்கைக் குத்திட்டுத் திரிஞ்சிட்டிருந்தா."

"அக்கா யாரு?"

"இவங்கதாம்மா. ஓவியர் வீட்டு அம்மா. ஓவியர் அப்போ அச்சகத்துல லேபிள் வரைஞ்சிட்டிருந்தார். தங்கச்சியைப் பறிகுடுத்துட்டு நின்ன பொண்ணை அவராத்தான் வந்து கட்டிக்கிட்டார். என்ன மனசு இந்த ஆளுக்குன்னு நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம்."

அண்ணி நாளைய பக்கத்தைத் திருப்பினார். கதையில் இதுவரை இருட்டிலேயே நின்ற மூன்றாவது ஆளுக்கு, மாயப் புத்தகம் இந்த இதழில் முகம் கொடுத்திருந்தது. ஒடுங்கிய கன்னம், மூக்குக் கண்ணாடி. காலையில் ஆட்டோவில் ஏறிப் போனவர். தன் முகத்தைத் தானே வரைந்து வைத்திருந்தார். மனசில் பதினோரு வருஷம் பூட்டி வைத்ததைக் கதை என்று சொல்லி ஒவ்வொரு பக்கமாக இறக்கியிருக்கிறார். அதற்கு வசனம் எழுத அது யார் கைக்குப் போகிறது என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. மேலே கருநாக்கியின் கேள்வி: கதறியபோது கேட்ட காது எந்தக் காது?

"கொன்னவளோட கையில நாமளே கொண்டுபோய்க் குடுத்துட்டோம் தம்பி," என்றார் அண்ணி. "லாக்கப்ல இருந்த வரைக்கும் அவன் உயிரோட இருந்தான்."

அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுவிட்டு ஓடினோம். அன்றைக்கு மட்டும் ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. சிக்னலில் நிற்கவில்லை. யார் யாரோ என் குடும்பத்தையே திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். நாலு நாள் ஓடி ஓடி நான் காப்பாற்றிய உயிர், என் ஓட்டத்தாலேயே போய்விடுமோ என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

மாடி அறை உள்ளே பூட்டியிருந்தது. கதவுக்கு அடியிலிருந்து பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் நெடி மூக்கைத் துளைத்தது.

"கதவைத் திறம்மா!" அண்ணி இரண்டு கையாலும் தட்டினார். "நான்தான் வந்திருக்கேன். கதவைத் திற!"

"அவளும் அப்படித்தான் கேட்டாளாம் அக்கா," என்றது உள்ளேயிருந்து அமைதியான குரல்.

தோளைக் கொடுத்து மூன்று இடி இடித்தேன். நாலாவதில் கதவோடு சேர்ந்து நானும் உள்ளே விழுந்தேன்.

ஓவியர் வரைபலகைக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். பைண்டிங் நூலால் கை கால் கட்டியிருந்தது. இடது காது இருந்த இடத்தில் காது இல்லை. சட்டை, பேண்ட், நாற்காலிக் கால், தரை, எல்லாம் ரத்தம். பலகையில் வெள்ளைத் தாளின் மேல் அந்தக் காது கிடந்தது. சுற்றிலும் பழைய படங்களைக் குவித்து டர்பன்டைனைக் கொட்டியிருந்தார் அந்த அம்மா. ஒரு கையில் பிளேடு, இன்னொரு கையில் தீப்பெட்டி. முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கிட்ட வராதீங்க அண்ணா."

நான் போனேன். பிளேடு என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு போட்டது. தோல் பிளந்து ரத்தம் சீறியது. நான் அலறிக்கொண்டு பின்வாங்கிய நொடியில், பிளேடைக் கீழே போட்டுவிட்டுக் குச்சியை உரசிவிட்டார்.

என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் ஊதினேன். பத்துக்குப் பத்து அறையில் அந்தச் சத்தம் மண்டையைப் பிளந்தது. அவர் உடம்பு தூக்கிப் போட்டது. எரியும் குச்சி கைநழுவி, டர்பன்டைனுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அண்ணி அதை மிதித்து அணைத்தார். அவ்வளவு அவசரத்திலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார், புண்ணியவதி. வெறுங்காலால் மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓங்கி ஒரு அறை விட்டார். அந்த அம்மா சுவரோரம் போய் விழுந்தார். தீப்பெட்டியை நான் ஜன்னல் வழியாக வீசினேன்.

"விட்டுடுங்க..." என்றார் ஓவியர். பல் பிடுங்கிய வாயும் ரத்தமுமாகக் குளறியது. "அவ பண்றதுதான் நியாயம். இன்சூரன்ஸ் பணத்துக்காக எரிக்க முதலாளி பூட்டினார், உள்ள யாரு இருக்கான்னு பாக்கல. ஏஜென்ட் நெருப்பு வச்சுட்டு நின்னு வேடிக்கை பாத்தார். நான் படிக்கட்டுல இருந்தேன். இவ தங்கச்சி உள்ளருந்து தட்டினா. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. மூச்சு விட்டா நீயும் உள்ள போவேன்னாங்க. நான் நகரவே இல்லை."

"எவ்வளவு நேரம்?" என்றார் அண்ணி.

"பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் கேக்கல."

கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்ற எனக்கே அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றியது. அவரைக் காப்பாற்றத்தான் நான் கையைக் கொடுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டும்போது அந்த அம்மா கொஞ்சமும் திமிறவில்லை. வாசல்வரை போனவர் நின்றார்.

"உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன் அக்கா. கால்ல மருந்து போடுங்க."

அண்ணி நொண்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். "நாங்க வர்றதுக்குள்ள உனக்கு மூணு மணி நேரம் இருந்துச்சேம்மா," என்றார். "ஒரு காதை ஏன் விட்டு வச்ச?"

"ரெண்டையும் எடுக்கத்தான் உக்காந்தேன். இதை எடுத்ததும், அவளை எனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி இவருக்குச் சொல்லணும்னு தோணுச்சு. எப்படிச் சிரிப்பா, எதுக்கு அடம் பிடிப்பா, செருப்புக்கு என்ன கலர் கேட்டா, எல்லாம். கேக்கறதுக்கு ஒண்ணு வேணுமே." புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "செத்திருந்தா முடிஞ்சிருக்கும். பொழைச்சுட்டார். இருக்கட்டும். அந்தக் காது அவருக்கே இருக்கட்டும் அக்கா. தட்டிக்கிட்டே இருப்பா."

படியிறங்கிப் போய்விட்டார்.

நான் ஓவியரின் கட்டை அவிழ்த்தேன். கை விடுபட்டதும் அறுந்த பக்கத்தைப் பிடிப்பார், ரத்தத்தை நிறுத்துவார் என்று துணியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நன்றாக இருந்த வலது காதை இறுகப் பொத்திக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பிரிக்கிறவரை அந்தக் கைகளை எடுக்கவே இல்லை.